'வாஸ்' எங்கே போடுவது, எங்கே விடுவது? ஆக்டிவ், பாசிவ் குழப்பம்

வாளையார் தம்பி:
வணக்கம். வாளையாரில் ஒரு லாரி ஆபீஸில் இரண்டு வருஷமாக பில் போடுகிறேன், கம்பெனிகளுக்கு மெயில் அனுப்புவதும் நான்தான். கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் இப்போதும் மாற்றிவிடுவேன், ஆனால் சொந்தமாக ஒரு வரி எழுத உட்கார்ந்தால் 'வாஸ்' போடுவதா வேண்டாமா என்று கை நின்றுவிடுகிறது. 'தி லாரி வாஸ் அரைவ்ட்' என்று எழுதினேன், தப்பு என்று பதில் வந்தது. சரி, 'வாஸ்' போடாமல் இருப்போம் என்று அடுத்த மெயிலில் 'தி லோடு அன்லோடட்' என்றேன், அதுவும் தப்பாம்.

இன்னொன்று மனசை அறுக்கிறது. தார்ப்பாய் கிழிந்து 12 மூட்டை சிமெண்ட் மழையில் நனைந்துவிட்டது. ஆக்டிவில் எழுதினால்தான் நல்ல இங்கிலீஷ் என்று எங்கேயோ கேட்டதை வைத்து 'தி டிரைவர் டேமேஜ்ட் ட்வெல்வ் பேக்ஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்து டிரைவர் அண்ணனுக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்துவிட்டார்கள். கிழிந்த தார்ப்பாயைக் கொடுத்து அனுப்பியது எங்கள் ஆபீஸ். யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்:
தம்பி, நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவள். 'ஹி வாஸ் டைட்', 'தி ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்ட்', 'ஐ வாஸ் சஃபர்ட்', இந்த மூன்றையும் திருத்தாத வருஷமே கிடையாது. கடைசி ஒன்றில்தான் நம் மொழி உள்ளே நுழைகிறது. 'எழுதப்பட்டது' என்றால் 'வாஸ் ரிட்டன்', ஆக 'படு' வந்தால் 'வாஸ்' என்று பிள்ளை மனசில் ஒரு கணக்கு போட்டுக்கொள்கிறது, பிறகு 'கஷ்டப்பட்டேன்' என்பதற்கும் அதே கணக்கைப் போடுகிறது. 'எழுத', 'கட்ட', 'கொடுக்க' மாதிரி வினையோடு 'படு' சேர்ந்தால்தான் செயப்பாட்டுவினை. கஷ்டம், ஆசை, கோபம் எல்லாம் பெயர்ச்சொல், அவற்றோடு சேரும் 'படு' வேறு. ஆசைப்பட்டது அவனேதான், அவனுக்கு வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. மலையாளத்திலும் 'எழுதப்பெட்டு', 'கஷ்டப்பெட்டு' என்று இதே மாதிரி இரண்டும் இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரட்டைக் குழப்பம்.

'எதை?', 'யாரை?' என்று கேட்டுப் பார். 'எழுதினான்', எதை? லெட்டரை. அந்த லெட்டர் முன்னால் வந்தால் பாசிவ். 'செத்தான்', யாரை? பதில் இல்லை, அப்போது பாசிவும் இல்லை. 'அரைவ்' இந்த இரண்டாவது வகை, அதனால் 'தி லாரி அரைவ்ட்', அவ்வளவுதான்.

பொள்ளாச்சி அக்கா:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் அந்தக் கேள்வியைத் தமிழ்ச் சொல்லிடம் கேட்டால் மறுபடி மாட்டிக்கொள்வாய் தம்பி, இங்கிலீஷ் சொல்லிடம்தான் கேட்க வேண்டும். நாம் 'லோடு இறங்கிடுச்சு' என்கிறோம். 'இறங்கு' என்பதற்கு 'எதை' என்ற கேள்வியே வராது, இறக்கினால்தான் எதை என்று கேட்கலாம். நமக்கு இறங்கு, இறக்கு, உடைந்தது, உடைத்தது என்று ஜோடி ஜோடியாகச் சொல் இருக்கிறது, யார் செய்தார் என்று சொல்லாமலே நகர்ந்துவிடலாம், அதனால்தான் வீட்டுப் பேச்சில் செயப்பாட்டுவினை அநேகமாக வருவதே இல்லை. 'சோறு பரிமாறப்பட்டது' என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? 'அன்லோட்' என்றால் இறக்குவது மட்டும்தான், லோடு தன்னைத் தானே இறக்கிக்கொள்ளாது, ஆகவே 'தி லோடு வாஸ் அன்லோடட்'. ஆனால் 'பிரேக்' என்ற ஒரே சொல் உடைவதற்கும் உடைப்பதற்கும் ஆகும். 'தி கிளாஸ் புரோக்' என்றாலும் சரி, 'தி கிளாஸ் வாஸ் புரோக்கன்' என்றாலும் சரி.

பிறப்பையும் இறப்பையும் பார். தமிழில் பிறந்தேன், இறந்தான் இரண்டும் ஒரே மாதிரி. இங்கிலீஷில் 'ஐ வாஸ் பார்ன்', ஏனென்றால் பெற்றது அம்மா. இறப்பதற்கு 'ஹி டைட்' மட்டும்தான்.

உன் மெயில் விஷயத்துக்கு வருகிறேன். எப்போதும் ஆக்டிவ்தான் நல்லது என்பதை விட்டுவிடு. ஆக்டிவில் எழுதினால் செய்தவன் என்று ஒருவன் பெயர் முன்னால் வந்து நிற்க வேண்டும், அங்கே செய்யாத மனுஷனை நீ நிறுத்திவிட்டாய். மழை கெடுத்ததை 'டேமேஜ்ட் பை ரெய்ன்' என்று பாசிவில் எழுதலாம், கேட்கிறவனுக்கும் மூட்டை பற்றித்தானே தெரிய வேண்டும். அதே சமயம் தார்ப்பாய் யாருடையது என்பதைப் பாசிவில் மறைக்காதே. 'பை' போட்டு யார் என்று எழுது. அந்த அண்ணன் பணம் அதில்தான் இருக்கிறது.

வாளையார் தம்பி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஓனரிடம் பேசிவிட்டேன், கம்பெனிக்குத் திருத்தி எழுதச் சம்மதித்தார். இப்படி எழுதியிருக்கிறேன்: 'தி லாரி அரைவ்ட் ஆன் டைம். ட்வெல்வ் பேக்ஸ் வாஸ் டேமேஜ்ட் பை ரெய்ன். தி டார்பாலின் வாஸ் சப்ளைட் பை அஸ். தி டிரைவர் டிட் நாட் காஸ் தி டேமேஜ்.' சரியா?

சித்தூர் டீச்சர்:
ஒரே ஒரு இடம்தான் தம்பி. பேக்ஸ் பன்மை, அதனால் 'வேர் டேமேஜ்ட்'. டார்பாலின் ஒன்றுதான், அங்கே 'வாஸ்' அப்படியே இருக்கட்டும். கடைசி வரியை ஆக்டிவில் எழுதியது நல்லது, மாற்றாதே. அந்த டிரைவருக்கும் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு.