புக்கிட் பாத்தோக் பக்கம் திருப்பிய ஏரியல்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஸ்கூடாய்வாசி

எங்கள் வீட்டில் டிவி என்றால் அம்மாவுக்கு வசந்தம் என்ற தமிழ்ச் சேனல்தான். ஜொகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூர் சேனலா என்று வடக்கே இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஜொகூர் பாரு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீட்டு ஏரியல்கள் தெற்கே பார்த்தபடிதான் நிற்கும். 2008-இல் வசந்தம் தனிச் சேனலாக ஆனதும் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

2019 ஜனவரி தொடக்கத்தில் சிங்கப்பூர் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி முழுசாக டிஜிட்டலுக்கு மாறியது. எங்கள் பழைய டிவியில் வெறும் புள்ளிதான். அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதியோடு மலேசியாவிலும் அனலாக் முழுசாக முடிந்தது. புது டிவியும் புது ஏரியலும் வாங்கினோம். மாட்ட வந்தவர் ஏரியலை மலேசிய ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் குனோங் பூலாய் மலைப் பக்கம் திருப்பி வைத்தார். 101-இல் டிவி1, 102-இல் டிவி2 என்று படம் கண்ணாடி மாதிரி வந்தது. வசந்தம் வருமா என்று கேட்டேன். "அதெல்லாம் இனிமே வராது" என்றார். நானும் நம்பிவிட்டேன். அம்மாவும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் 2020 மார்ச் 18. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, சிங்கப்பூருக்குப் போகும் பாலம் மூடியது. தினமும் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்த என் தம்பி, வேலையை விட முடியாமல் அங்கேயே தங்கிவிட்டான். தினமும் ஃபோனில் பேசுவான், முகத்தைக் காட்டுவான். ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அவன் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். அங்க என்னா நடக்குதுன்னு அவங்க டிவியில பாத்தாத்தான்யா எனக்குத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். டிஜிட்டலில் சிங்கப்பூரும் டிவிபி-டி2 என்ற முறை, நாமும் அதே டிவிபி-டி2. டிவி இரண்டையும் பிடிக்கும். அப்படியானால் குறை டிவியில் இல்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து குனோங் பூலாய் வடமேற்கே. சிங்கப்பூர் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் புக்கிட் பாத்தோக் தென்கிழக்கே, நேர்க்கோட்டில் 24 கிலோமீட்டர் போல. எங்கள் ஏரியல் கிட்டத்தட்ட அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது! எங்களுடையது போல வரிசையாகக் கம்பி அடுக்கிய யாகி ஏரியலுக்கு முன்பக்கம்தான் காது. பின்னால் இருந்து வருவதில் பெரும்பகுதியை அது ஒதுக்கிவிடும்.

மே 4-க்குப் பிறகு கடைகள் திறந்ததும் யுஎச்எஃப் என்ற குட்டை அலைக்கான ஒரு யாகி, 20 மீட்டர் ஆர்ஜி6 கேபிள், இரண்டு எஃப் கனெக்டர் வாங்கினேன். ஸ்டோரில் பழைய ஏரியல் கிடந்தது, ஆனால் அது உதவாது. அனலாக்கில் சேனல் 5-உம் 8-உம் விஎச்எஃப் என்ற நீள அலையில் வந்தவை, அதற்கான கம்பி முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். இப்போது எல்லாம் யுஎச்எஃப், கம்பி ஒரு சாண் இருந்தால் போதும். பழையதையே திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு "வரல" என்று விட்டவர்களை நிறையப் பேர் பார்த்திருக்கிறேன்.

நான் கூரைமேல், அம்மா கீழே டிவி முன்னால். சிக்னல் பக்கத்தில் இரண்டு பட்டை இருக்கும், ஒன்று பலம், ஒன்று தரம். அம்மாவுக்கு மலாய் படிக்க வராது. "கீழ இருக்கிற நம்பர மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன். ஏரியலைத் திருப்பத் திருப்ப அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பூஜ்யம், பூஜ்யம், பன்னெண்டு, முப்பது. முப்பதோடு நின்றுவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பார்த்தால் எதிரே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு குழாயைச் சேர்த்து ஒன்றரை மீட்டர் உயர்த்தினேன். கீழேயிருந்து "எம்பது!" என்று குரல் வந்தது. அடுத்து நம்பர் வரவில்லை. இறங்கி வந்து பார்த்தால் அம்மா செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு தப்பும் செய்தேன். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைத் தலைகீழாகப் போட்டு இரண்டு ஏரியலையும் ஒரே கேபிளில் சேர்த்தேன். டிவி2 வந்தது, வசந்தம் திணறியது. ஒரே அலை இரண்டு ஏரியல் வழியாகவும் வந்து ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்கிறது. போதாததற்கு ஸ்பிளிட்டரே பாதி சக்தியைத் தின்றுவிடும். இப்போது இரண்டு கேபிளும் தனித்தனியாக வீட்டுக்குள் வருகின்றன. டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன மாற்றுப் பொத்தான், அமுக்கினால் பூலாய், மறுபடி அமுக்கினால் பாத்தோக். அம்மாவே மாற்றிக்கொள்வார்.

உங்கள் ஊரில் எப்படி? எந்தக் கோபுரம், எவ்வளவு தூரம், என்ன தடை என்று எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா

தம்பி, உங்கள் அம்மா நம்பர் சொன்ன இடத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு வருஷம் இந்தப் பக்கம் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

என் கதை சின்னது. கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான், அடுக்குமாடி வீடு. உள்ளறை ஏரியலை ஜன்னல் ஓரம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். படம் நின்று நின்று வந்தது. எங்கள் ஹால் ஜன்னல் ஜொகூரைப் பார்த்திருக்கிறது! கோபுரமோ தெற்கே. நடுவில் வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான ஷெல்டர் வேறு, அதன் காங்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் எவ்வளவு கனம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேபிளை நீட்டி ஏரியலைத் தாழ்வாரப் பக்கச் சுவரில் மாட்டினேன். அன்றோடு சரியாகிவிட்டது. மாடி வீட்டில் இருப்பவர்கள் "ஜன்னல் ஓரம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஜன்னல் என்பதுதான் கேள்வி.

டிஜிட்டலுக்கு மாறுகிற சமயத்தில் அரசாங்கம் வசதி குறைந்த குடும்பங்களுக்கு டிஜிட்டல் பெட்டியும் ஏரியலும் இலவசமாகக் கொடுத்தது. எங்கள் மாடியில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்கு வந்த பெட்டியை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். சுவர் பக்கம் முதலிலேயே வைத்ததால் ஐந்து நிமிட வேலை.

கூலாய் தோட்டத்துப் பையன்

அண்ணே, எங்களுக்குப் பூலாய் கூப்பிடு தூரம், பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. மலேசிய சேனல்களுக்கு ஒரு கம்பியை நீட்டினாலே போதும். சிங்கப்பூர்தான் போராட்டம். புக்கிட் பாத்தோக் இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

வீட்டுக்குத் தெற்கே செம்பனை. அப்பா குழாயை ஆறு மீட்டர் உயர்த்தி வைத்திருந்தார், மரம் அதைவிட உயரம். வெயில் நாளில் வசந்தம் வரும். மழை பெய்தால் போய்விடும். மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் வராது. டிஷ் வைத்திருப்பவர்கள் மழையில் படம் போகிறது என்பார்கள், அது வேறு, வானத்தில் அடிக்கிற மழை அந்த உயர் அலையை நேராகத் தடுக்கிறது. நம்முடைய யுஎச்எஃப் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டில்லை. ஈர இலைதான் எதிரி. அப்பா இதைக் கண்டுபிடிக்கப் பல மாதம் ஆனது. காற்றடித்து ஓலை காய்ந்ததும் படம் திரும்புவதைக் கவனித்துதான் சொன்னார்.

பிறகு அந்தப் பகுதியில் மறுநடவு வந்தது. இருபத்தைந்து வருஷ மரங்களைச் சாய்த்தார்கள். நான் அந்த மரங்களுக்கு நடுவில் விளையாடி வளர்ந்தவன், சாய்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தரம் 25-இலிருந்து 70-க்கு ஏறியிருந்தது. இப்போது கன்றுகள் இடுப்பளவு. இன்னும் சில வருஷத்தில் மறுபடி மறைக்கும், அதற்குள் உயரமான குழாய்க்குக் காசு சேர்க்க வேண்டும்.

மாசாய்

இங்கே வசந்தம் நல்லாவே வருகிறது, புக்கிட் பாத்தோக் 20 கிலோமீட்டர், தென்மேற்கே. ஒன்றே ஒன்று: தானாகத் தேட விட்டால் சில இரவுகளில் பாத்தாம் பக்கத்து இந்தோனேசிய சேனல்களும் சேர்ந்து பட்டியலை நிரப்பிவிடும், அவர்களும் டிவிபி-டி2தான். பகலில் ஒரு முறை தேடிச் சேமித்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். அடிக்கடி தேடினால் வந்துகொண்டிருந்த சேனலும் தொலைந்துபோகும்.

தங்காக்

எங்களுக்குச் சிங்கப்பூர் எட்டாது. குனோங் லேடாங் அடிவாரம். 1,276 மீட்டர் மலை, உச்சியில் கோபுரம், வாசலில் நின்றால் தெரியும். அப்படியிருந்தும் என் மாமியார் வீட்டில் மூன்று மாதம் படம் வரவில்லை.

மாட்டியவர் ஏரியலோடு சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றும் விற்றிருந்தார். பலம் என்ற பட்டை நூறு, தரம் பூஜ்யம். பலம் நூறு இருப்பதால் டிவிதான் கெட்டுவிட்டது என்று சொல்லி, புது டிவிக்கு விலையும் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கையில் இருந்த பணத்தைக் கொடுக்கத் தயாராகிவிட்டார். நல்லவேளை, அந்த வாரம் நான் போனேன்.

இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் கோபுரத்தின் சிக்னலை மறுபடி பெருக்கினால் டிவியின் ட்யூனர் திணறிப்போகும். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் என்ன சொல்கிறார்கள் என்று புரியுமா? பூஸ்டரைக் கழற்றிக் கேபிளை நேராக டிவியில் செருகினேன். பலம் 75-க்கு இறங்கியது, தரம் 100. எல்லாச் சேனலும் வந்தன. புது டிவிக்கு எடுத்து வைத்த பணத்தில் அவருக்குக் கண்ணாடி மாற்றினோம்.

பூஸ்டர் தேவைப்படும் இடம் உண்டு. தூரமான கோபுரம், நீளமான கேபிள். 30 மீட்டர் கேபிளிலேயே ஐந்து டெசிபெல், அதாவது சிக்னலில் பாதிக்கு மேல் போய்விடும். அப்போதும் அதை ஏரியலுக்குப் பக்கத்தில், மேலேயே மாட்ட வேண்டும். கீழே டிவிக்குப் பக்கத்தில் மாட்டினால் கேபிளில் கெட்டுப்போனதைத்தான் பெருக்கும்.

ஸ்கூடாய்வாசி

தங்காக் அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுப் பூஸ்டரைக் கழற்றிப் பார்த்தோம். பூலாய் சேனல்கள் அவருக்கு இப்போதுதான் முழுசாக வருகின்றன.

கூலாய் தம்பி, குழாய் வாங்கும்போது சொல்லுங்கள். என்னிடம் மூன்று மீட்டர்க் குழாய் ஒன்று சும்மா இருக்கிறது, தூக்கிக்கொண்டு வருகிறேன். இழுத்துக் கட்டக் கம்பி மட்டும் வாங்கி வையுங்கள். ஆறு மீட்டருக்கு மேல் போனால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டாமல் விடக்கூடாது, இடி மின்னல் நேரத்தில் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும்.

என் தம்பி பற்றி அக்கா தனியாகக் கேட்டிருந்தார். தரைவழி எல்லை 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி முழுசாகத் திறந்தது, அந்த வாரமே வந்துவிட்டான். அம்மா இன்னும் வசந்தம்தான் பார்க்கிறார். போன மாதம் திடீரென்று தரம் நாற்பதுக்கு இறங்கியது. மேலே ஏறிப் பார்த்தால் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி நடுக்கம்பி பச்சை பிடித்திருந்தது. கேபிளை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். நம்பர் சொன்னது இந்த முறையும் அம்மாதான்.