புதிய ஐசியூ தாதியருக்கு ஏபிஜி படிப்பிப்பது எப்படி?

நல்லூர்_தாதி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஐசியூவில் வேலை செய்கிறேன். இந்த முறை விடுதிகளிலிருந்து ஆறு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏபிஜி (நாடி இரத்தத்தில் வாயுக்களையும் அமிலத் தன்மையையும் பார்க்கும் சோதனை) படிப்பிக்கும் வேலையை சிஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். போன கிழமை இரண்டு மணித்தியாலம் ஸ்லைட் போட்டு வகுப்பெடுத்தேன். பிஎச் (அமிலத் தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் கூட) 7.35 முதல் 7.45, சிஓடூ (காபனீரொட்சைட்டு) 35 முதல் 45, பைகாப் (அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற்று) 22 முதல் 26, எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அடுத்த நாள் மெசினிலிருந்து வந்த துண்டைக் கையில் கொடுத்து "இவருக்கு என்ன நடக்குது?" என்று கேட்டால், "மெற்றபோலிக் அசிடோசிஸ் மிஸ்" (பைகாப் குறைந்து இரத்தம் அமிலமாவது) என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். சரி, அதற்கு மேல்? ஒன்றுமில்லை. கிணற்றுத் துலாவை வைத்துக்கூட விளக்கிப் பார்த்தேன்: ஒரு பக்கம் சிஓடூ, மற்றப் பக்கம் பைகாப், இரண்டும் சேர்ந்து ஏறினால் துலா சமமாக நிற்கும், பிஎச் பெரிதாக அசையாது என்று. பிள்ளைகள் துலாவையே கண்டதில்லை, எல்லாம் மோட்டர் பம்ப் காலத்துப் பிறவிகள். வேறு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

வடமராட்சி_அக்கா:
தங்கச்சி, ஸ்லைடை மூடி வையுங்கோ. முதலில் இரத்தம் எடுப்பதிலிருந்து தொடங்குங்கோ, ஏனென்றால் பிழையான சாம்பிளுக்கு எவ்வளவு சரியாக விளக்கம் சொன்னாலும் பிழைதான். நான் புதிதாக ஐசியூவுக்கு வந்த காலத்தில் ஒரு நோயாளிக்கு பிஓடூ (இரத்தத்தில் ஒட்சிசனின் அழுத்தம்) 38 என்று வந்து, பதறிப்போய் வென்ரிலேற்றரில் ஒட்சிசனைக் கூட்டப் போனோம். மொனிற்றரில் சற்றுரேஷன் (இரத்தத்தில் ஒட்சிசன் நிறைவு வீதம்) 97, ஆள் அமைதியாகப் படுத்திருக்கிறார், ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எடுத்தது நாடி இரத்தமல்ல, ஒட்சிசன் குறைந்த நாளத்து இரத்தம். அன்று வாங்கிய ஏச்சு இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது. துண்டில் உள்ள சற்றுரேஷனையும் மொனிற்றரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாயே திறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கோ. சாதாரண சிரிஞ்சில் ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இழுத்து எடுக்கிற இடமென்றால் மிச்சத்தை முழுக்கத் தள்ளிவிட வேண்டும், உள்ளே தேங்கினால் இரத்தம் ஐதாகி சிஓடூவும் பைகாப்பும் பொய்யாகக் குறையும். காற்றுக் குமிழியை உடனே வெளியேற்ற வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்ச் என்றால் அரை மணித்தியாலத்துக்குள் மெசினுக்குள் போக வேண்டும், மேசையில் கிடக்கும்போதும் அந்தச் செல்கள் ஒட்சிசனைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் கதை சொல்லுங்கோ. எங்கள் ஊருக்கு எட்டடி விரியன் பாம்பு கடித்த கதையை விட நல்ல பாடம் கிடையாது. இரவு நிலத்தில் படுத்த ஆள், கடிவாயில் பெரிய வலியோ வீக்கமோ இல்லை, விடிய இமை தூக்க ஏலாமல் வருகிறார். மாஸ்க்கில் ஒட்சிசன் போகிறது, சற்றுரேஷன் 98, எல்லோருக்கும் நிம்மதி. ஏபிஜியில் பிஎச் 7.19, சிஓடூ 70, பைகாப் 26. மூச்சுத் தசை சோர்ந்து சிஓடூ ஏறுவதை சற்றுரேஷன் காட்டிக்கொடுக்காது, மாஸ்க் அதை மறைத்துவிடும். பைகாப் ஏற நாட்கள் எடுக்கும், இவருக்கு இன்னும் ஏறவில்லை, ஆகவே இது இப்போது நடக்கிற விஷயம். இதற்குப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சுருட்டுப் பிடித்த ஐயா ஒருவரின் துண்டை வையுங்கோ: பிஎச் 7.35, சிஓடூ 60, பைகாப் 32. அவருக்கு அதுதான் வழமை. இரண்டு துண்டையும் ஒன்றாகப் பார்த்தால் துலா தானாக விளங்கும்.

இரவுக்கடமை_எம்ஓ:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. என் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடு. இரவு இரண்டு மணிக்கு போன் வரும், "டொக்டர், ஏபிஜி சரியில்லை." அவ்வளவுதான். நோயாளி எவ்வளவு ஒட்சிசனில் இருக்கிறார், முந்திய ஏபிஜி என்ன, மூச்சு வேகம் என்ன என்று நான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது. பிஓடூ 80 என்பது சாதாரணக் காற்றில் என்றால் ஒரு கதை, 60 வீத ஒட்சிசனில் என்றால் வேறு கதை (80ஐ 0.6ஆல் பிரித்தால் 133, அந்த நுரையீரல் நல்லாக இல்லை).

எல்லாவற்றையும் விட முக்கியமாக இதைப் படிப்பியுங்கள். நீரிழிவால் கீற்றோஅசிடோசிஸ் (இரத்தத்தில் கீற்றோன் அமிலம் சேர்வது) வந்த ஒருவருக்கு பிஎச் 7.07, பைகாப் 7, சிஓடூ 25. சிஓடூ குறைந்திருக்கிறது, உடல் ஈடுசெய்கிறது, நல்லது என்று எல்லோரும் எழுதுவார்கள். பைகாப்பை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டுங்கள், பதினெட்டரை வரும், சிஓடூ இருக்க வேண்டியது அவ்வளவுதான், இரண்டு கூடலாம் குறையலாம். 25 அதற்கு மேலே. அதாவது அவர் மூச்சு வாங்கி வாங்கிக் களைத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் துண்டோடு என்னை எழுப்பினால் நான் கோபிக்கமாட்டேன், ஓடி வருவேன்.

புதுசு2:
நானும் எட்டு மாதத்துக்கு முந்தி அந்த ஆறு பேர் மாதிரித்தான் நின்றேன் மிஸ். உண்மையைச் சொன்னால் விடை தெரியாமல் இல்லை, ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் முன்னால் பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம். எங்கள் சீனியர் ஒருவர் கடமை மாறும்போது பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு துண்டு, கட்டிலடியில் அல்ல, மருந்து தயாரிக்கிற மேசையில் வைத்துக் கேட்பார். தமிழில்தான் கேட்பார். மூன்று கிழமையில் பயம் போய்விட்டது. ஒன்று கவனியுங்கள், அந்தத் துண்டு வெப்பத் தாள், நாட்பட எழுத்து மங்கிவிடும், நான் சேர்த்து வைத்த பாதி இப்போது வெறும் வெள்ளைத் தாள். உடனே போட்டோகொப்பி எடுங்கள், பெயரையும் பிஎச்ரி (கட்டில் அட்டை) நம்பரையும் மறைத்துவிட்டு.

லண்டன்_நேர்ஸ்:
இங்கே வரப்போகிற பிள்ளைகளுக்கு ஒரு வரி: இங்கு எல்லாம் கிலோபஸ்கால், ஊரில் மாதிரி மில்லிமீற்றர் இரசம் அல்ல. முதல் நாள் சிஓடூ 5.3 என்று பார்த்து எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஏழரையால் பெருக்கினால் 40.

நல்லூர்_தாதி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு மணித்தியால வகுப்பு இனி இல்லை, பத்து நிமிடத்துக்கு சிஸ்டர் ஓம் என்றுவிட்டார். வென்ரிலேற்றர் நோயாளிகளின் துண்டுகள் மூன்றைப் பெயர் மறைத்துக் கொப்பி எடுத்தாயிற்று, திங்கள் விரியனோடு தொடங்குகிறேன். எம்ஓ சேர், போனில் சொல்ல வேண்டியதை ஒழுங்காக எழுதித் தந்தால் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.