ட்ரெமலோ பிக்கிங்: உங்கள் கை எப்போது வழிக்கு வந்தது?

அல்சூரிலிருந்து:

கிட்டாரில் ஒரே சுரத்தைப் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு சில்லு) மேலும் கீழுமாக விடாமல் வேகமாக மீட்டுவதுதான் ட்ரெமலோ பிக்கிங். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 140 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்ட்ரோக், அதாவது நான்கு மீட்டு. இந்த எண்ணைத் தாண்ட முடியாமல் மூன்று வருடம் கிடந்தேன். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஒன்பதுக்குச் சற்று மேல். 142 வைத்தால் போதும், தோளிலிருந்து விரல் வரை விறைத்துக்கொள்ளும், பிக் கம்பியில் மாட்டும், எட்டுத் தட்டுக்குள் எல்லாம் கலைந்துவிடும்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் டிக் டேல். அவர் 1962-ல் வாசித்த 'மிசர்லூ' என்ற மெட்டை முதன்முதலில் கேட்டபோது, ஒரு கிட்டாரா இரண்டா என்று சந்தேகம் வந்தது. ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விடாமல் மீட்டி, அதை அறுபடாத ஒரே இழுப்பாகக் கேட்க வைக்கிறார். அவர் அப்பா வழியில் லெபனான் குடும்பம். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசித்த உறவினர் ஒருவரைப் பார்த்து வளர்ந்த கை அது என்று தெரிந்ததும் இன்னும் பிடித்துப்போனது. மெட்டல் என்கிற அதிரடி ராக் வாசிப்பவர்கள் பின்னாளில் அதே கைவேலையை வேறு எங்கோ கொண்டுபோனார்கள். எனக்கு இரண்டுமே வேண்டும்.

அப்போது போய்க்கொண்டிருந்த வகுப்பில், "தினமும் இரண்டு புள்ளி ஏற்று, வலி பழகிவிடும்" என்றார்கள். ஏற்றினேன். வலி பழகவில்லை. ஒரு நாள் ஆபீசில் காபி கோப்பையைத் தூக்கும்போது முன்கையில் சுரீர் என்று இழுத்தது. இரண்டு வாரம் கிட்டாரைத் தொடக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். அந்த இரண்டு வாரத்தில்தான் மூளை வேலை செய்தது.

ஜெயநகரில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். அக்கா பையன் மிருதங்கம் கற்கிறான், பத்து வயது. உள்ளறையில் வாத்தியத்தைத் தொடாமல், தொடையில் தட்டிக்கொண்டு "தகதிமி தகதிமி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம், ஒவ்வொன்றும் முந்தையதைப்போல இரு மடங்கு வேகம். மூன்றாம் காலத்தில் அவன் குரல் ஏறவே இல்லை. கை தொடையை விட்டு அரை அங்குலம்கூட எழவில்லை. "ஏன்டா வாசிக்காம சொல்லிட்டே இருக்க?" என்றேன். "மாமா, வாயில வந்தாதான் கையில வரும்னு சார் சொல்வார்" என்றான்.

இரண்டு வாரம் முடிந்ததும் முதல் வேலையாக போனை ஸ்லோ மோஷனில் வைத்து என் கையைப் பழைய வேகத்தில் ஒரு நிமிடம் மட்டும் படம் எடுத்தேன். பார்த்தால், நான் மீட்டுவது ஐந்தாவது கம்பி, பிக் போய்த் திரும்புவதோ நான்காவது கம்பியின் வாசல் வரைக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அவ்வளவு தூரம் போய்வர கைக்கு நேரம் ஏது? இன்னொன்றும் தெரிந்தது. மெதுவாக வாசிக்கும்போது விரல்களை மடக்கி நீட்டுகிறேன். வேகம் ஏறியதும் முழங்கை பூட்டிக்கொண்டு மொத்தக் கையும் அதிர்கிறது. இரண்டும் வேறு வேறு அசைவு. 80-ல் நான் பழகியது 140-ல் உதவாத ஒன்றை. அதை இரண்டிரண்டாக ஏற்றி என்ன பயன்?

அப்புறம் இப்படி மாற்றினேன். கதவைத் தட்டுவதுபோல மணிக்கட்டிலிருந்து வரும் அசைவு மட்டும். கம்பியைத் தாண்டிப் பிக்கின் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பிக்கைக் கம்பிக்குத் தட்டையாக வைக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், விளிம்பு மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். முன்பு வைத்திருந்த 0.60 மில்லிமீட்டர் மெல்லிய பிக் வளைந்து வளைந்து தாமதமாகத் திரும்பும். 1.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜாஸ் 3 என்ற பிக்குக்கு மாறினேன்.

பயிற்சி இவ்வளவுதான்: "தகதிமி தா". நான்கு ஸ்ட்ரோக், ஐந்தாவதில் 'தா' என்று இறங்கி நின்றுவிட வேண்டும். முதலில் வாயால், பிறகு கையால். வேகம் 160-ஆக இருக்கட்டும், ஐந்தே ஸ்ட்ரோக்தானே, கைக்கு விறைக்க நேரமே கிடைக்காது. நின்றதும் தோளைத் தளர்த்திவிட்டு அடுத்தது. ஒரு வாரம் கழித்து "தகதிமி தகஜுனு தா". பிறகு பதினாறு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போடாமல் கிளீனில் வாசியுங்கள், 'தா' தட்டில் விழுகிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும். ஐந்து மாதத்தில் 168-ல் ஒரு நிமிடம் நிற்க முடிந்தது. வலி இல்லை.

உங்களுக்கு எப்போது, எப்படி வந்தது? எழுதுங்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

தம்பி, நான் பதினோரு வருடம் வீணை வாசித்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வந்தவள். என் சிக்கல் வேறு. வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும், ஆனால் இரண்டுமே கீழ்நோக்கித்தான். மேல்நோக்கி மீட்டுவது பக்கத் தாளக் கம்பிகளுக்குச் சுண்டு விரல் செய்கிற வேலை. ஆகவே டவுன் ஸ்ட்ரோக் எனக்குக் கணீரென்று விழும், அப் ஸ்ட்ரோக் எங்கிருந்தோ முனகும். ட்ரெமலோவில் ஒன்று விட்டு ஒன்று பலமாக விழுந்தால் என்ன ஆகும்? பாதி வேகத்தில் வாசிப்பதுபோலத்தான் காதில் விழும். அதுதான் நடந்தது.

இரண்டு மாதம் எல்லாவற்றையும் அப் ஸ்ட்ரோக்கில் தொடங்கினேன். நீங்கள் சொல்கிற 'த' மேல்நோக்கி விழ வேண்டும், கடைசி 'தா'வும் மேல்நோக்கி. முதல் வாரம் இடது கையால் கோலம் போடுவது மாதிரி இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. முயன்று பாருங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

என் கதை கடையில் தொடங்குகிறது. புதிதாகக் கற்கும்போது, ட்ரெமலோ வாசிக்க எந்தக் கிட்டார் நல்லது என்று ஒரு கடையில் கேட்டேன். கம்பிகள் கீழே மாட்டியிருக்கும் பிரிட்ஜில் கம்பிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பிடி உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதுதான் சார் ட்ரெமலோ" என்றார்கள். வாங்கிவிட்டேன். பட்ஜெட் கிட்டார், அந்தப் பிடியை ஒரு முறை அழுத்தினால் ஆறு கம்பியும் சுருதி விலகும். பிக்கிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது லியோ ஃபெண்டர் அந்தப் பிடிக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்துவிட்டார். அது அசைப்பது சுருதியை. அதற்குச் சரியான பெயர் வைப்ரட்டோ. கற்க வருகிற பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பணம் மிச்சமாகும்.

இன்னொன்று. மாண்டலினில் ஒலி சட்டென்று அடங்கிவிடும், அதனால் மேற்கில் நீண்ட சுரத்துக்கு ட்ரெமலோ இல்லாமல் முடியாது. நம் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டு கமகத்துக்கு வழி செய்துகொண்டார். ட்ரெமலோ பழகுகிறவர்கள் அவர் துரித காலத்தில் வாசித்த பதிவுகளைக் கேட்க வேண்டும். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் காதில் விழும்.

அல்சூரிலிருந்து:

அக்கா, இன்று காலை அப் ஸ்ட்ரோக்கில் தொடங்கிப் பார்த்தேன். முதல் முயற்சியில் 'தா' கம்பியைத் தொடவே இல்லை, காற்றில் போனது. டவுனில் 168, அப்பில் தொடங்கினால் 90. என் அப் ஸ்ட்ரோக் இத்தனை நாளாக டவுனின் முதுகில் சவாரி செய்திருக்கிறது. சாயங்காலம் 96-ல் நான்கு முறை சுத்தமாக விழுந்தது. நாளை ஞாயிறு, கிட்டாரை ஜெயநகருக்கு எடுத்துப் போகிறேன். மிருதங்கப் பையன் சொல்லட்டும், நான் வாசிக்கிறேன்.