வானிலிருந்து நம்ம ஊர்க் காற்றைப் பார்க்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். "டீச்சர், தூத்துக்குடி அனல்மின் நிலையப் புகை நம்ம ஊர் வரைக்கும் வருமா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தேடியபோது சென்டினல்-5பி பற்றித் தெரிந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2017 அக்டோபரில் ஏவிய செயற்கைக்கோள் இது. மதியம் ஒன்றரை மணி வாக்கில் நம் பகுதியைக் கடக்கிறது. பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எந்தெந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதன் ட்ரோபோமி கருவி பார்க்கும். அதை வைத்து, புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு வாயுக்களின் அளவைக் கணக்கிடுகிறார்கள். தரவு எல்லோருக்கும் இலவசம்!

ஆனால் அந்தத் தரவில் ஒரு கட்டம் (பிக்சல்) 5.5க்கு 3.5 கிலோமீட்டர். அதுவும் தரையிலிருந்து மேலே வரை உள்ள மொத்த அளவுதான், நாம் மூச்சில் இழுக்கும் காற்று மட்டும் அல்ல. மேகம் மூடினால் அன்றைய கணக்கும் போச்சு.

ஆனி, ஆடியில் இங்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும்; கிழக்கே இருக்கும் தூத்துக்குடிப் புகை நம் பக்கம் வராது. அதனால் கிழக்குக் காற்று வீசி, வானமும் தெளிந்திருக்கும் தை, மாசி நாட்களை மட்டும் பிரித்து, மூன்று ஆண்டுச் சராசரி எடுக்க நினைக்கிறோம். செயற்கைக்கோள் தரவை அலசும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்திலோ பைத்தான் நிரல்மொழியிலோ இதைச் செய்யத் தெரிந்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா? காற்றுத் திசைத் தரவை எப்படி இணைப்பது என்பதில்தான் முட்டி நிற்கிறோம். அப்புறம், நெல்லை, பாளை பக்கம் வீட்டில் காற்றுத்தரக் கருவி வைத்திருப்பவர்கள் இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் அளவுகளும் வேண்டும்.