விண்மீன்களை வகைப்படுத்தச் சொல்லித் தர உங்கள் யோசனை தேவை

வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வான்பொருள்களை வகைப்படுத்தச் சொல்லித் தருகிறேன். சூரியன், வியாழன், நிலா, டைட்டன், புளூட்டோ, ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் என்று பெயர் எழுதிய அட்டைகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். ஒரு மாணவி சனியின் நிலவான டைட்டனைக் கோள்களோடு வைத்துவிட்டாள். "புதனைவிட இது பெரிசு, அப்புறம் ஏன் கோள் இல்லை?" என்றாள். அவள் சொன்னது சரிதான். டைட்டனின் விட்டம் சுமார் 5,150 கி.மீ., புதனுடையது சுமார் 4,880 கி.மீ. அளவைப் பார்க்காதே, எதைச் சுற்றுகிறது என்று பார் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

விண்மீன்களில்தான் திணறுகிறேன். சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி என்று பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சிவந்த திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின், சூரியன் சுமார் 5,800, நீலம் கலந்த ரைஜெல் சுமார் 12,000. சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் நம்புவதில்லை. பழைய இழை பல்பின் மின்சாரத்தை மெல்லக் கூட்டிக் காட்டலாமா? செம்மையில் தொடங்கி வெளிர் மஞ்சளுக்கு வரும், ஆனால் நீலம் வரை போகாதே. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

இன்னொன்று, விண்மீன்களைச் சூடு மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை பிரிக்கும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வரிசையை இந்த வயதில் மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிறத்தையும் ஒளிர்வையும் வைத்து அவர்களே ஒரு வரைபடம் போட்டால் போதாதா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள், பிள்ளைகள் எங்கே குழம்பினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.