புதுப்பிப்பு: மண்டபம் கடற்பாசிச் சோதனை, இரண்டாம் சுற்று

மண்டபம் கரையில் ஒதுங்கிய சர்காசம் பாசியை மெத்தனாலில் (ஒரு வகை ஆல்கஹால்) ஊறவைத்து எடுத்த சாறு, புண்களில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை நன்றாகத் தடுத்தது என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். சாற்றில் நனைத்த சிறு தாள் வட்டைக் கிருமி வளரும் தட்டில் வைத்துத்தான் சோதிக்கிறேன். வெறும் மெத்தனாலில் நனைத்த தாள் வட்டை ஒப்பீட்டுக்கு வைக்க அப்போது விட்டுவிட்டேன். மெத்தனாலே கிருமியைக் கொல்லுமே!

இந்த முறை கல்லூரி ஆய்வகத்தில் எல்லா வட்டுகளையும் முழுக்க உலரவிட்டு, மெத்தனால் வட்டையும் சேர்த்து வைத்தேன். அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் ஏதும் இல்லை. 6 மி.மீ. பாசி வட்டைச் சுற்றி 9 மி.மீ. அகலத்துக்குத் தெளிவான வளையம். முதல் முறை 14 வந்தது. குறைவுதான், ஆனால் இதைத்தான் நம்புகிறேன்.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவையோ சாறு ஒன்றும் செய்யவில்லை. அதன் வெளிச்சவ்வைத் தாண்டிப் பல பொருட்கள் உள்ளே போக முடியாது. சரி, அடுத்து பாசியை எத்தில் அசிடேட் என்ற வேறொரு கரைப்பானில் ஊறவைத்திருக்கிறேன்.