வாட்டர் ஸ்ட்ரெஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: தாவரவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை எண்ணூர் கழிமுகத்துக்கு அழைத்துப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செடிக்கு நீர் போதாத நெருக்கடியைச் சொல்லும் ‘வாட்டர் ஸ்ட்ரெஸ்’ வரும் இடத்தில் மட்டும், தமிழ்ச்சொல் கிடைக்காமல் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ‘நீர் அழுத்தம்’ என்றால் குழாய்த் தண்ணீரின் வேகம் என்று நினைப்பார்கள். ‘வறட்சி’ கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரங்களுக்குப் பொருந்தாது. அவற்றில் ஒன்றான வெண்கண்டல் நிற்பதே தண்ணீரில்தான்; உப்பு மிகுந்திருப்பதால் வேர் அதை எளிதில் இழுக்க முடிவதில்லை.

சொல்ல வேண்டிய விஷயம் இது. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இலைத்துளையின் இருபுறமும் இருக்கும் காப்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் போகிறது, அவை தளர்ந்து இலைத்துளை மூடிக்கொள்கிறது. நீரிழப்பு குறையும், கரியமில வாயுவும் உள்ளே வராது, ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். இந்த நெருக்கடிக்கு ஒரு பெயர் வேண்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

அம்மா, சொல் கண்ணெதிரே கிடக்கிறது: ‘நீர்வாட்டம்’. ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்ற வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு உங்களுக்குப் பக்கம்தானே. அந்தப் பெயரும் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகளால் வந்தது.

இன்னொன்று. முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து’ பாலை என்பதோர் ‘படிவம் கொள்ளும்’ என்கிறது சிலம்பின் காடுகாண் காதை. நிலத்துக்குச் சொன்னதைச் செடிக்கும் சொல்லலாம். தகவமைப்புக்கு ‘படிவங்கொள்ளல்’ எவ்வளவு அழகு!

அனுப்பியவர்: கட்டடப் பொறியாளர், வியாசர்பாடி

ஐயா, நீர்வாட்டம் வேண்டாம். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்குக் கொடுக்கும் சரிவைத்தான் எங்கள் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். ‘வாட்டம் சரியா இருக்கா பாரு’ என்பது தினமும் கேட்கிற பேச்சு. அந்தப் பிள்ளைகளில் சிலரின் அப்பாக்களே அந்த வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம்.

இயற்பியல் பாடத்தில் தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்) இரண்டும் இருக்கின்றன. ‘நீர்த்தகைவு’ என்று வையுங்கள். வெளியிலிருந்து வருவது தகைவு, செடிக்குள் நேர்வது திரிபு. நீங்கள் காட்டிய சிலம்பு வரியிலேயே ‘திரிந்து’ இருக்கிறதே, ஐயா!

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

ஓடு, ஓட்டம், ஆடு, ஆட்டம், வாடு, வாட்டம். தன்வினையிலிருந்து பிறந்ததால் வாட்டம் விளைவைத்தான் குறிக்கும் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பிறவினையான ‘வாட்டு’ இருக்கிறது: ‘நீர்வாட்டல்’. தகைவில் எனக்கு மனம் ஒட்டவில்லை. தகைத்தல் என்றால் தடுத்தல், சரி. ஆனால் ‘தகைசான்ற சொற்காத்து’ என்ற குறளைப் படித்த பிள்ளைக்குத் தகை பெருமையல்லவா? நீரின் பெருமை என்று எடுத்துக்கொள்ளாதா?

அனுப்பியவர்: தாவரவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

ஐயா, வாட்டல் என்றதும் தணலில் வாட்டிய வாழையிலைதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட முக்கியம், செடி வாடுவதற்கு முன்பே பாதிக் கதை நடந்து முடிந்துவிடும். முதலில் இலை வளர்வது மந்தமாகும், துளைகள் மூடும். நெல் தன் இலையை நீளவாக்கில் சுருட்டும். சில செடிகள் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துவைத்து செல்லுக்குள் நீரை இருத்திக்கொள்ளும். வாடுவதற்கு ‘வாடல்’ ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது.

அனுப்பியவர்: ஆய்வு மாணவன், எண்ணூர்

அக்கா, 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த பிள்ளைகள் இவர்கள். அவர்கள் வாயில் வருவது ‘தண்ணிக் கஷ்டம்’. கஷ்டம் வடசொல் என்று ஐயா சொல்வார், அதனால் ‘நீர்முடை’ என்று வைக்கலாமா? பணமுடை எல்லோருக்கும் தெரியும். சொத்து இருந்தும் கையில் காசு புரளாதவருக்கும் பணமுடைதான்; வெண்கண்டலின் நிலையும் அதுவே. போகும்போது அதன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சுரப்பிகள் வெளியேற்றிய உப்பு, வெயில் ஏறியதும் பொடிப்பொடியாக மின்னும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

தம்பி, முடை என்றால் புலால் நாற்றமும்தான். ஆலைக்கழிவு கலக்கும் ஊரில் இருந்துகொண்டு நீர்முடை என்றால் வேறு மாதிரியல்லவா கேட்கும்? இருந்தாலும் நல்ல தமிழ். எதிர்க்கமாட்டேன். படிவங்கொள்ளலை மட்டும் ஒரு இடத்திலாவது போடுங்கள், அம்மா.

அனுப்பியவர்: தாவரவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

இப்போதைக்கு நீர்முடை என்றே போடுகிறேன். பெரும்பாலோர் சரி என்கிறார்கள், அச்சகத்திலிருந்தும் கேட்டுவிட்டார்கள். தகவமைப்பு அப்படியே இருக்கட்டும் ஐயா, தேர்வுத்தாளில் அதுதான் வரும்.

அனுப்பியவர்: கட்டடப் பொறியாளர், வியாசர்பாடி

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் உப்பு மிகுந்து செடிக்கு வரும் நெருக்கடியான ‘சால்ட் ஸ்ட்ரெஸ்’ வருமே, அதற்கு என்ன போடுவீர்கள்? உப்புமுடை என்றால் உப்பு கிடைக்கவில்லை என்று ஆகிவிடும். வெப்பம், குளிர், உப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கக்கூடியது தகைவு ஒன்றுதான். மறுபதிப்பு வரும்போது இதை மறுபடி எடுப்பேன்.